ஏந்தலும் எட்டு மூட்டைக் கத்தரிக்காயும்

உலக உழவர் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொன் விற்கிற விலையில் இங்கே மையால்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு, ஆனி மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு, எர்ணாவூர் ரயில்வே கேட்டுக்கு வடக்கே இருபது கெஜ தூரத்தில் உழவர் குலம் விழித்தெழும் என்று மீஞ்சூர் வட்டார உழவர் உரிமைப் பேரவையின் செயற்குழு முடிவு செய்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் எழுந்த ஒரே ஆட்சேபம் வடையைப் பற்றியது. அது ஆறிப்போயிருந்தது.

குலம் ஏழரைக்கு விழித்தெழுவதற்காகச் சுப்பராயன் விடிவதற்கு வெகு முன்பே வண்டி பூட்ட வேண்டியிருந்தது. எழுப்ப வேண்டிய சிரமம் யாருக்கும் இல்லை. இரண்டு நாளாக அவன் தூங்கவில்லை.

காரணம், கிணற்று மேட்டில் இருந்த பீஸ் கட்டை. உள்ளங்கை அகலப் பீங்கான் துண்டு. அது பெட்டிக்குள் இருந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். இல்லையென்றால் கிணறு ஒரு பெரிய குழி, அவ்வளவுதான்.

பம்பு செட்டு கரண்டுக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய பைசாவை மட்டுமல்ல, பில்லையே கட்டுவதில்லை என்று பேரவை சபதம் எடுத்தது. எல்லாரும் கை தூக்கியபோது சுப்பராயனும் தூக்கினான். அத்தனை கைகளும் மேலே இருக்கையில் ஒரு கை மட்டும் மடியில் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அந்தக் கையின் பலன் வியாழக்கிழமை சைக்கிளில் வந்தது. லைன்மேன் செல்வம், மூன்று வீடு தள்ளி வளர்ந்த பிள்ளை, குறடும் கையுமாகக் கிணற்று மேட்டில் வந்து நின்றான்.

"மாமா, என்னிய கோச்சிக்காத. சனிக்கெழம சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு வருவேன். காசு குட்த்தா நானே ஆபீஸ்ல கட்டி ரசீது கொணாந்துடறேன். இல்லன்னா கட்டைய எட்த்துகினு போவேன்."

"சங்கத்துல கட்டக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களே செல்வம்."

"சொன்னவரு போன வாரமே கட்டிட்டாரு."

"யாரு? ஏந்தலா?"

"மில்லு ஓடணும்ல?"

ஏந்தல் என்றால் பேரவைத் தலைவர் ஜெயவேல். முழுப் பெயர் 'ஏர்முனை ஏந்தல்' ஜெயவேல். இந்தப் பட்டத்தை உழவர் குலம் அவருக்கு வழங்கியதாகச் சுவரொட்டி சொன்னது. சுவரொட்டிக்குப் பணம் கொடுத்தவர் அவர். அவரிடம் ஒரு ரைஸ் மில், ஓர் அம்பாசடர் கார், கரையில் ஜரிகை வைத்த ஒரு பச்சைத் துண்டு, குத்தகைக்கு விட்ட முப்பது ஏக்கர் எல்லாம் இருந்தன. ஏர் மட்டும் இல்லை. மில் பில்லைக் கட்டியதைப் பற்றி யாரோ கேட்டபோது, அது தொழிற்சாலை இணைப்பு, சபதம் பாசன இணைப்புக்கு மட்டுமே பொருந்தும் என்று விளக்கினார். கேட்டவர் கைதட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சுப்பராயனுக்குத் தொழிற்சாலை இணைப்பு இல்லை. கிணற்றடியில் பத்து சென்ட் நாற்றங்கால் இருந்தது. பத்தொன்பது நாள் நாற்று. இந்த வெயிலில் மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் அது வைக்கோல். மறுபடி விதைக்க வீட்டில் விதை நெல் கிடையாது. இருந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனும் சொக்கம்மாளும் பறித்துக் கட்டிய எட்டு மூட்டைக் கத்தரிக்காய். வழக்கம் போல அதைக் கொத்தவால்சாவடிக்கு ஏற்றிப்போய் மண்டியில் போட்டால் செல்வத்துக்குக் கொடுக்கவேண்டிய நாற்பத்திரண்டு ரூபாய் வந்துவிடும்.

ஆனால் பேரவையின் உத்தரவு வேறு. வண்டிகள் காலியாக வரக் கூடாது, காயோடு வரவேண்டும். காலி வண்டியைப் பார்த்துச் சர்க்கார் பயப்படாது. கேட்டுக்கு முன்னால் சாலையை அடைத்து நின்று, பத்திரிகைப் போட்டோக்காரர் வந்ததும் அத்தனை காயையும் தார் ரோட்டில் கொட்ட வேண்டும்.

"கொட்டிட்டு வந்து அஞ்சு மணிக்கு செல்வத்துக்கு இன்னா குடுப்ப? கோணியா?" என்று கேட்டாள் சொக்கம்மாள், கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு.

சுப்பராயன் கோணி நனைத்து மூட்டைகளின் மேல் போர்த்தினான். வாடாமல் இருக்கட்டும் என்று.

*

அறுநூறு வண்டிகள் வரும் என்று நோட்டீஸ் சொன்னது. வந்தவை நாற்பத்து மூன்று. பத்திரிகைக்குக் கொடுக்கும் குறிப்பில் நானூற்று முப்பது என்று எழுதினார்கள். ஒரு சைபர்தானே கூட.

முதல் வண்டி சுப்பராயனுடையது. அதில் அவனுக்குப் பெருமை ஒன்றும் இல்லை, அவனுடைய மயிலைக் காளைதான் காரணம். அந்தப் பக்கத்து வண்டிகள் சாவடிக்குப் போகும்போது மயிலையும் செவலையும்தான் முன்னால் போகும். எட்டு வருஷமாக வாரம் இரண்டு நடை. பின்னால் வருகிற மாடுகள் முன் வண்டியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டே வரும், வண்டிக்காரர்கள் தூங்குவார்கள். எர்ணாவூர் கேட் மூடியிருந்தால் மயிலை தானாக நிற்கும். கேட்டுச் சங்கிலி கறகறவென்று சுற்றும் சத்தம் கேட்டால் தானாகக் கிளம்பும். இதற்காக யாரும் இதுவரை கண்ணைத் திறந்ததில்லை.

அடுத்த வண்டிக்காரன் நீலமேகம் இதை யோசித்தான். ஏந்தல் காரை விட்டு இறங்கியதும் போய்ச் சொன்னான்.

"ஐயா, மாட்ட அவுத்து மரத்துல கட்டிடலாங்க. பூட்டினாப்புல வெச்சிருக்கறது சரியில்ல."

"நீலமேகம்! காளை இல்லாத வண்டி வெறும் மரக்கட்டை. காளை பூட்டிய வண்டி உழவனின் உயிர்த்துடிப்பு! போட்டோவில் எது எடுபடும்?"

"எடுபடுங்க. ஆனா கேட்டு தொறந்தா..."

"கேட்டைத் திறக்க விடுவோமா நாம்?"

இதை டீக்கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் கேட்மேன் அம்புரோஸ். ராயபுரத்துக்காரர், இருபது வருஷ சர்வீஸ்.

"தோ பாரு நைனா," என்றார். "வண்டி வந்தா மூடுவேன். போனா தொறப்பேன். நீ போறியா, நின்னுகினு கூவுறியா, அது உன் பாடு. எனக்கு ரூல் கீது."

மைக்குக்கு டீக்கடையிலிருந்து கரண்டு எடுத்திருந்தார்கள். கடைக்காரர் போராட்டத்தை விட்டுவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடை வரவில்லை. ஆகவே ஏந்தல் முதல் வண்டியின் மேல் ஏறினார். கத்தரிக்காய் மூட்டைகளின் மேல் செருப்புக் காலோடு நின்றார்.

"ஐயா, கொஞ்சம் அந்த ஓரமா நில்லுங்க," என்றான் சுப்பராயன். "இது நல்ல காயி."

"நல்ல காய்தான் சுப்பராயா! நல்ல காய்! அதைத்தான் இன்று தெருவில் கொட்டப் போகிறோம்!" என்று அவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். கைதட்டல் எழுந்தது. 

சாலை இருபுறமும் அடைபட்டது. லாரிகள் நின்றன. ஷிப்டு முடிந்து வந்தவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் நான்கு கான்ஸ்டபிள்களோடு வந்து, கலைப்பதா காத்திருப்பதா என்று மேலிடத்தைக் கேட்டு ஆளனுப்பிவிட்டு நிழலில் நின்றார். வண்டிக்காரர்கள் எல்லாம் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சுப்பராயன் மட்டும் வண்டியின் முன்னால் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தலைவரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு இறங்கிப் போக முடியுமா?

போட்டோக்காரர் வரவில்லை. ஏழே முக்கால் ஆயிற்று. எட்டு ஆயிற்று. அவர் வராத ஒவ்வொரு நிமிஷமும் சுப்பராயனுக்கு லாபம். ஆனால் அதே நிமிஷம் வெயிலுக்கும் லாபம். மண்டிக்காரர் பதினோரு மணிக்குத் தராசைக் கழற்றிவிடுவார். இங்கேயிருந்து மூன்று மணி நேர நடை. அவன் தெற்கே பார்த்துப் போட்டோக்காரர் வரக் கூடாது என்று வேண்டினான். வேண்டி முடித்ததும், வராவிட்டாலும் தான் இங்கேயேதான் நிற்கப்போகிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

ஏந்தல் நேரத்தைப் போக்க ஆதரவுக் கடிதங்களைப் படித்தார். சலவைத் தொழிலாளர் சங்கம் வாழ்த்தியது. ராயபுரம் கட்டுமரக்காரர்கள் வாழ்த்தினார்கள். கொத்தவால்சாவடிக் காய்கறி மண்டி வியாபாரிகள் 'உங்களோடு தோளோடு தோள்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாடகக் குழு வாழ்த்தி, தங்கள் நாடகத்துக்கு டிக்கெட் வாங்கும்படி கேட்டுக்கொண்டது. எடையில் கைவைக்கிற மண்டிக்காரர் தோளும் கொடுப்பார் என்று சுப்பராயன் நினைத்ததில்லை. கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது.

அப்போது அம்புரோஸ் கேட்டை மூடினார். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, முடிவே இல்லாததுபோலப் போய், முடிந்தது.

"தோழர்களே!" என்றார் ஏந்தல். "இந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நாம்..."

சங்கிலி கறகறவென்று சுற்றியது. கேட் மேலே போயிற்று.

மயிலை காதை ஒருமுறை ஆட்டிவிட்டு நடந்தது.

சுப்பராயன் கையில் கயிறு இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் போதும், மயிலை நின்றுவிடும். மயிலை நின்றால் நாற்பத்து மூன்றும் நிற்கும். அவனுக்கு அது தெரியும். மரத்தடியிலிருந்து கத்துகிற நீலமேகத்துக்கும் தெரியும். சுப்பராயன், "ஓ... ஓ..." என்றான். வாயால் சொன்னான். கை கயிற்றைத் தளர்த்தியே பிடித்திருந்தது. மயிலைக்கு அவனை எட்டு வருஷமாகத் தெரியும். இது எந்த 'ஓ' என்று அதற்குப் புரிந்தது.

மைக் ஒயர் விறைத்தது. 'நகர மாட்டோம்' என்பதில் 'நகர' வரைக்கும் ஊர் கேட்டது. ஒயர் அறுந்தது. டீக்கடைக்காரர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"சுப்பராயா! நிறுத்து!"

"நிக்க மாட்டேங்குதுங்க!"

பின்னாலிருந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. வண்டிக்காரர்கள் ஓடிவந்து தொற்றி ஏறினார்கள். சப்-இன்ஸ்பெக்டர், மேலிடத்துப் பதில் வருவதற்குள் சாலை திறந்துவிட்டதைக் கண்டு, கடவுளுக்கு நன்றி சொல்லி விசில் ஊதினார். எதிரே நின்ற லாரிகளை ஓரங்கட்டினார். "போ போ போ, வழி வுடு!" அவருடைய பணிக்காலத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு முற்றுகை கலைந்ததில்லை.

ஏந்தல் ஒரு கணம் குதிக்கப் பார்த்தார். வேட்டி ஜரிகை வேட்டி, வண்டி ஓடிக்கொண்டிருந்தது, தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சைக்கிளில் நின்றபடியே, "ஊர்வலம் டோய்!" என்று கத்தினான். கேட்டதும் ஏந்தலின் முகம் மலர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். கையை உயர்த்தினார்.

"பேரணி!" என்று முழங்கினார். "பேரணி தொடங்கிவிட்டது!"

*

திருவொற்றியூர்த் தேரடியில் கல் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மயிலை நின்றது. அதன் வழக்கப்படி நின்றது. நாற்பத்து மூன்று ஜோடியும் முறை வைத்துக் குடித்து முடிக்க அரை மணி ஆகும். சுப்பராயன் சூரியனைப் பார்த்தான். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்தான். இன்னும் விறைப்பு போகவில்லை. ஆனால் காம்பு கறுக்கத் தொடங்கியிருந்தது.

அந்த அரை மணியில்தான் போட்டோக்காரர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"எர்ணாவூர்ல போய்ப் பாத்தா ஒருத்தனும் இல்ல!" என்றார் கடுப்போடு. "சரி, கொட்டுங்க சார் சீக்கிரம். எனக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு."

"கொட்டு சுப்பராயா!" என்றார் ஏந்தல்.

சுப்பராயன் மூட்டையின் கழுத்தில் கை வைத்தான். முடிச்சை அவிழ்ப்பதுபோல் விரல்கள் அசைந்தன.  பத்து சென்ட் பச்சை கண்ணெதிரே நின்றது. தலைவர்களோடு அவன் அதிகம் பேசியதில்லை, ஆனால் கூட்டங்களில் நிறையக் கேட்டிருந்தான். எதைச் சொன்னால் அவர்கள் நிமிர்வார்கள் என்பது கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது.

"ஐயா," என்றான், "இங்க கொட்டினா யாருங்க பாப்பாங்க? ரெண்டு ஆடு பாக்கும். கொத்தவால்சாவடி வாசல்ல போயி கொட்டினா பட்டணமே பாக்கும். நாளிக்கி கவர்னரு காபி குடிக்க சொல்ல பேப்பர்ல உங்க மொகம்தான் இருக்கும்."

ஏந்தல் கண்ணை மூடினார். கவர்னர், காபி, பேப்பர் எல்லாம் வரிசையாக வந்து போயின.

"சாவடி வாசலில்!" என்றார் கண்ணைத் திறந்து. "அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்."

போட்டோக்காரர் ஏந்தலைக் கையுயர்த்திய நிலையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்.

சுப்பராயன் கணக்குப் போட்டான். சாவடி வாசலுக்கும் மண்டிக்கும் நடுவே இருபது அடி இருக்கும். ஏந்தல் ஒரு பேச்சுப் பேசாமல் எதையும் கொட்டவிட மாட்டார். அந்தப் பேச்சுக்குள் எட்டு மூட்டையையும் மண்டிக்குள் தள்ளிவிட வேண்டும். நீலமேகத்தைக் கண்ணால் கூப்பிட்டான். நீலமேகத்துக்கு வண்டியில் புடலங்காய். ஒன்றும் சொல்லாமல் புரிந்துகொண்டான்.

"மாமு, துரோகின்னு பேர் வெச்சிருவாங்க," என்றான் மெல்ல.

"வெக்கட்டும். பேருக்கு தண்ணி ஊத்த வேணாமே."

ராயபுரத்தில் தேவாலய மணி பத்தரை அடித்தது. ஒரு வளைவில் வண்டி மெதுவானபோது, கூடையோடு நின்றிருந்த ஃப்ளோரன்ஸ் என்ற அம்மாள் குறுக்கே வந்து நின்றார். வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அந்த அம்மாளின் குரலும் கிரேனைத் தாண்டிக் கேட்கிற குரல்.

"யோவ், கத்திரிக்கா கிலோ இன்னா?"

"அம்மணி, இது விற்பனைக்கு அல்ல. இது போராட்டம்," என்றார் ஏந்தல்.

"போராட்டமா? சொத்த கீதா அதுல?"

சுப்பராயனால் பொறுக்க முடியவில்லை. "சொத்தல்லாம் இல்லம்மா. நேத்து சாய்ந்தரம் பறிச்சது."

"அப்போ ரெண்டு கிலோ போடு."

"சுப்பராயா!"

ஃப்ளோரன்ஸ் மேலே பார்த்தார். "இன்னா நைனா இது பேஜாரா கீது. விக்கவும் மாட்டேன்ற, துன்னவும் மாட்டேன்ற. அப்பறம் இன்னாத்துக்கு வாயில்லா ஜீவனப் போட்டு இந்த வெயில்ல இழுத்துகினு போற?"

பேரவையின் விதிமுறைகள் முப்பத்தாறு பக்கம். இந்தக் கேள்விக்கு அதில் எங்கும் பதில் இல்லை. மயிலை நடந்தது.

பத்தேமுக்கால். சுப்பராயன் முதல் முறையாகத் தார்க்குச்சியை எடுத்தான். எட்டு வருஷத்தில் மயிலையின் மேல் அது பட்டதில்லை. மயிலை திரும்பிப் பார்த்த பார்வையை அவன் பார்க்காததுபோல் இருந்தான். வண்டி ஓட்டமெடுத்தது. ஏந்தல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார். எட்டாவது மூட்டை அவருக்கு அடியில் பொதபொதவென்று அமுங்கியது. ஏழு மூட்டை தேறினாலும் போதும் என்று சுப்பராயன் மனசுக்குள் கணக்கைத் திருத்திக்கொண்டான்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மயிலை கொத்தவால்சாவடி வாசலில், எப்போதும் நிற்கிற இடத்தில், மூக்கால் புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றது.

சுப்பராயன் குதித்து இறங்கினான். நீலமேகமும் இறங்கினான். இருவரும் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஏந்தல் தொண்டையைச் செருமுவதற்குள் மண்டியை நோக்கி ஓடினார்கள்.

தெருவில் ஒரு கூலிக்காரர்கூட இல்லை. ஒரு மாடு வாழையிலை தின்றுகொண்டிருந்தது. வரிசையாகப் பலகைக் கதவுகள். மண்டிக் கதவில், எடையில் கைவைக்க ஒரு நாளும் தவறாத அந்த மண்டிக்காரர், கரும்பலகை ஒன்றை மாட்டியிருந்தார். சுப்பராயன் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள், பின்னால் வந்து சேர்ந்த ஏந்தல் அதை உரக்கப் படித்தார். குரல் தழுதழுத்தது. ஆதரவு என்றால் கடிதம் என்றுதான் அவர் இதுநாள்வரை அறிந்திருந்தார். அதற்குமேலும் யாராவது செய்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"உழவர் போராட்டத்தை ஆதரித்து இன்று முழுக் கடையடைப்பு."

"வெற்றி, சுப்பராயா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். தோளில் மூட்டை இருந்தது. "பார்த்தாயா! மாபெரும் வெற்றி!"

அங்கே வேறு யாரும் இல்லாததால் பேச்சை நாலு நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். பின்தொடர்ந்து வந்த காரில் ஏறிப் போனார். கொட்டச் சொல்லவும் மறந்துவிட்டார்.

நாற்பத்து மூன்று வண்டிக் காயும் ஒரே நேரத்தில் பக்கத்துத் தெருக்களில் கூவ ஆரம்பித்ததில், சுப்பராயன் மொத்தமே நாலு ரூபாய்க்குத்தான் விற்றான். திரும்பும்போது ராயபுரத்தில் ஃப்ளோரன்ஸ் அம்மாள் வீட்டைத் தேடிப்பிடித்துக் கதவைத் தட்டினான். அங்கே மீன் குழம்பு கொதித்து இறக்கியாயிற்று, இனிக் கத்தரிக்காய் வேண்டாம்.

மறுநாள் பேப்பரில் நானூற்று முப்பது வண்டிகள் என்று வந்தது. படத்தில் ஏந்தல் கையை உயர்த்தியிருந்தார். கீழே மயிலை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

செல்வம் சொன்னபடி சனிக்கிழமை ஐந்து மணிக்கே வந்து பீஸ் கட்டையை எடுத்துக்கொண்டு போனான்.